விஞ்ஞானிகளே, செருப்பை உதறிப் போடுங்க

வாங்க கண்ணுகளா, வாங்க. காரவள்ளியில ஆரம்பிச்சு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கறீங்க. பாதிப் பேருக்கு மொகம் வெளுத்துக் கெடக்குது. ஜன்னலுக்குப் பக்கத்துல உட்கார்ந்தவன் சட்டையைப் பார்த்தா மீதிப் பேரு கதையும் தெரியுது. வெக்கப்படாதீங்க. கொல்லிமலைக்கு மொதத் தடவை வர்றவங்க குடுக்கற காணிக்கை அது. வல்வில் ஓரி காலத்துல பஸ்ஸு இல்லை, அதனால அவன் மானத்தோட மலையேறினான்.

உங்க டீச்சரம்மா போன மாசமே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. "ஐயா, இது சும்மா சுத்திப் பார்க்கற டூர் இல்லீங்க, அறிவியல் முகாமுங்க." எனக்கு என்னங்க தெரியும்? சாமை அறுத்துட்டுச் சும்மா கெடக்கற காடு, கூடாரம் போட்டா என்ன, ராக்கெட் விட்டா என்னன்னு சரின்னுட்டேன். நான் பள்ளிக்கூடத்துல படிச்சது கம்மி. பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்டப் படிச்சது ஜாஸ்தி. வருசா வருசம் ஒரு கூட்டம் வந்து எதையாச்சும் சொல்லிட்டுப் போகுது. அடுத்த வருசக் கூட்டத்துக்கு அதையே நான் பெரிய மனுசனாட்டச் சொல்லிக்கறேன். வாடகை தனி.

அதென்ன பாப்பா கையில? அச்சடிச்ச தாளா? குடு பார்க்கலாம். "திசையைக் கண்டறிக. மரத்தின் உயரத்தைக் கணக்கிடுக." அடேங்கப்பா. திருப்பினா பின்பக்கத்துல விடையும் இருக்குது! அப்ப இம்புட்டு தூரம் டீசல் செலவு பண்ணி எதுக்குங்க டீச்சரம்மா வந்தீங்க? கோயம்புத்தூர்லயே தாளைத் திருப்பியிருந்தா வாந்தி மிச்சமாகியிருக்குமே.

கோவிச்சுக்காதீங்க. தாளை மடிச்சுப் பையில வெச்சிருங்க, அடுப்புப் பத்த வைக்க ஆகும். இந்தக் காட்டுக்குன்னு ஒரே ஒரு சட்டம்தான். எதை அளக்கறதா இருந்தாலும், அளக்கறதுக்கு முன்னாடி என்ன வரும்னு ஒரு நெம்பரைச் சொல்லணும். சொன்னதை நோட்டுல பேனாவுல எழுதணும். பென்சில் ஆகாது. பென்சில்ல எழுதறவன் ரப்பரை மடியில கட்டிக்கிட்டுத்தான் எழுதுவான். எழுதின பொறகு அளந்துக்கலாம். கிட்ட வந்தவனுக்கு என் டப்பாவுல இருந்து ஒரு கடலை உருண்டை. எட்டப் போனவன் ஏன் எட்டப் போச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னா அவனுக்கு ரெண்டு.

என்ன டீச்சரம்மா முழிக்கறீங்க? தப்பாச் சொன்னவனுக்கு ஜாஸ்தியான்னா? ஆமாங்க. உங்க பள்ளிக்கூடத்துல குடுக்க மாட்டீங்கன்னுதான் நான் குடுக்கறேன்.

சரி, மொதப் பந்தயம். பையில இருக்கற சிப்சு பாக்கெட்டை எடுங்க. அடிவாரத்துல தொளதொளன்னு இருந்தது இங்க வந்து வெடிக்கப் போற மாதிரி வெறைச்சு நிக்குதா? போன வருசம் ஒரு பையன் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு மொத்தத்தையும் என் ஆட்டுக்குப் போட்டுட்டான். ஆட்டுக்கு அன்னைக்குத் தீவாளி. கெட்டெல்லாம் போகலை சாமி. நாம நிக்கற இடம் ஆயிரத்து எரநூறு மீட்டர் ஒசரம். அடிவாரத்துல இருந்ததை விட இங்க காத்தோட அழுத்தம் ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு கொறைச்சல். பாக்கெட்டுக்குள்ள அடைச்ச காத்துக்கு அது தெரியாது, பழைய பலத்துலயே வெளியே தள்ளுது. உங்க காது வழியில 'டப்'புன்னு அடைச்சுத் தொறந்ததும் அதே சங்கதிதான். நாளன்னைக்கு எறங்கறப்போ, ஒரு காலித் தண்ணி பாட்டிலை இங்கயே இறுக்கி மூடி எடுத்துட்டுப் போங்க. காரவள்ளி போய்ச் சேர்றப்போ அது எப்படி இருக்கும்? இப்பவே எழுதுங்க. நான் சொல்ல மாட்டேன். எனக்கு உருண்டை மிச்சம்.

ஏன் தம்பி, போனைப் பார்த்து முப்பத்தாறு டிகிரின்னு படிச்சுக்கிட்டே ஸ்வெட்டரை மாட்டறயே, உன் தோலை நம்பறயா, போனை நம்பறயா? அது சொல்றது கீழ நாமக்கல்லு வெயிலு. டீச்சரம்மா பையில நெசமான தெர்மாமீட்டர் ஒண்ணு தூங்குது, எழுப்பச் சொல்லு. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஆறரை டிகிரி கொறையும்னு கணக்கு. கீழ நெழல்ல வெச்சுப் பார்த்துட்டு ஏறியிருந்தா இந்நேரம் உனக்கே தெரிஞ்சிருக்கும். வெயில்ல தெர்மாமீட்டரை நட்டு வெச்சுட்டு நாப்பத்தஞ்சு டிகிரின்னு கூவாதே. அப்ப நீ அளக்கறது காத்தை இல்லை, வெயில்ல வெந்த கண்ணாடியை.

சோறு வேகலைன்னு சாயங்காலம் அழறதுக்கும் அந்தக் கொறைஞ்ச காத்தழுத்தம்தான் காரணம். முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணி கொதிக்கற சூடு கொறைஞ்சுட்டே வரும். இங்க தொண்ணூத்தாறுலயே தளபுளன்னு கொதிச்சு ஊரை ஏமாத்தும். கடியாரத்தைப் பார்த்துக் கஞ்சி வடிச்சா அரிசி நடுவுல முள்ளு நிக்கும். பருக்கையை எடுத்து விரல்ல நசுக்கிப் பாருங்க. அப்பறம், சட்டியோட அடிப்பக்கம் அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி ஈரமண்ணைப் பூசிருங்க, கரி மண்ணோட கழண்டு வந்திரும். எங்க ஆத்தா காலத்துச் சங்கதி. இதை நான் சொன்னதுக்காக நம்ப வேண்டாம். ஒரு சட்டிக்குப் பூசு, ஒரு சட்டிக்குப் பூசாதே. பூசாத சட்டியைத் தேய்க்கறது யாருன்னு முன்கூட்டியே சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கங்க.

இப்பத் திசை. புஸ்தகத்துல என்ன போட்டிருக்குது? மரத்துல பாசி வடக்குப் பக்கம்தான் மொளைக்குமாம். வா, என் பலா மரத்தைக் காட்டறேன். சுத்திலும் பாசி! இந்த மரத்தை நம்பிப் போனா நாலு பக்கமும் வடக்கு. புஸ்தகம் எழுதினவரு பொய் சொல்லலை கண்ணு, அவரு ஊரு வேற. ரொம்ப வடக்கே தள்ளி இருக்கற சீமையில சூரியன் வருசம் முழுக்கத் தெற்குப் பக்கமாவே போகும், அதனால வடக்குப் பக்கம் ஈரம் காயாது. நம்ம தலைக்கு மேல அப்படி இல்லை. சித்திரை மொத வாரத்துல இருந்து ஆவணி மொத வாரம் வரைக்கும் மத்தியான வெயிலு நமக்கு வடக்குப் பக்கத்துல இருந்து அடிக்கும். எங்க பாசிக்கு எந்தப் பக்கம் ஒளியறதுன்னே தெரியாது, மழையும் மூடுபனியும் பட்ட எடமெல்லாம் ஏறிக்கும்.

அதுக்குப் பதிலா ஒரு குச்சியை நட்டு வை. நெழலு முனையில ஒரு கல்லு. கால் மணி கழிச்சு நெழலு நகர்ந்த எடத்துல இன்னொரு கல்லு. மொதக் கல்லு மேற்கு, ரெண்டாவது கிழக்கு. இது நம்ம ஊர்லயும் செல்லும். ஆனா நாளைக்கு மத்தியானம் அந்தக் குச்சிகிட்ட ஒரு வேடிக்கை இருக்குது. ஏப்ரல் இருபதை ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் இருபத்தி மூணு நாலு வாக்குல ஒரு நாள், சூரியன் நேரா நம்ம உச்சிக்கு வந்து நிக்கும். நட்டு வெச்ச குச்சிக்கு நெழலே இருக்காது. முன்ன ஒருக்கா வந்த கூட்டத்துல கையில வாட்ச் கட்டின ஒருத்தன் பன்னெண்டு மணிக்குப் பார்த்துட்டு, "தாத்தா, நெழலு இருக்குது, நீங்க பொய் சொல்றீங்க"ன்னு கெளம்பிட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. மீதிப் பசங்க கால் மணி நேரம் காத்திருந்தாங்க. பன்னெண்டே காலுக்குக் குச்சி தன் நெழலை முழுங்கிருச்சு. கடியாரம் நம்ம ஊரு சூரியனுக்கு வெச்சது இல்லீங்க, அலகாபாத்துப் பக்கம் ஓடற ஒரு கோட்டுக்கு வெச்சது. அங்க உச்சிக்கு வந்த சூரியன் நம்மகிட்ட வர்றதுக்குக் கால் மணி புடிக்கும். வாட்ச் கட்டினவன் பஸ்ஸுல போய் உட்கார்ந்திருந்தான், பாவம்.

மரத்தோட ஒசரம் சுளுவு. உன் நெழலு உன் ஒசரத்துக்கு வர்ற நேரம் பார்த்து ஓடிப் போய் மரத்து நெழலை அளந்துக்க, அதுதான் மரத்து ஒசரம். ஆனா சமதரையில அளக்கணும். எங்க மலையில சரிவுக்குக் கீழ விழற நெழலை அளந்த பையன் ஒருத்தன் என் சில்வர் ஓக்கு மரத்தைத் தஞ்சாவூர்க் கோபுரத்துக்கு மேல வளர்த்து விட்டான். எனக்கு சந்தோசம்தான், மர வியாபாரி ஒத்துக்கலை.

இப்ப எறும்பு. இங்க கொஞ்சம் உட்காருங்க, இது பெரிய விசயம்.

எறும்பு முட்டையைத் தூக்கிட்டு மேடேறினா மழை வரும்னு நாங்க சொல்லுவோம். டீச்சரம்மா சிரிக்கறாங்க, மூடநம்பிக்கைன்னு. இன்னொரு டீச்சர் வந்திருந்தாங்க, அவங்க கையெடுத்துக் கும்பிட்டு, "நம்ம முன்னோர்கள் விஞ்ஞானிகள்"னு கண்ணுல தண்ணி விட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு எறும்பைக்கூடக் குனிஞ்சு பார்க்கலை. முன்னோர் விஞ்ஞானியா இல்லையான்னு முன்னோரைக் கேக்க முடியாது, எறும்பைக் கேக்கலாம்.

நோட்டுல ஒரு பக்கத்தை நாலு கட்டமாக் கோடு கிழி. எறும்பு ஏறுச்சு, மழை வந்துச்சு. இது ஒண்ணு. எறும்பு ஏறுச்சு, மழை வரலை. இது ரெண்டு. எறும்பு ஏறலை, மழை கொட்டுச்சு. மூணு. எறும்பும் ஏறலை, மழையும் வரலை. நாலு. தெனமும் சாயங்காலம் பார்த்து ஒரு கோடு போடு. மூணு நாள் முகாமுல ஒண்ணும் தெரியாது. டீச்சரம்மா, அடுத்த கூட்டம் வந்து இதே நோட்டுல தொடரட்டும். நோட்டு என் வீட்டுத் திண்ணையிலேயே கெடக்கும், திங்க மாட்டேன்.

எங்க ஊர்ப் பெருசுங்க எல்லாருக்கும் மொதக் கட்டம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எறும்பு ஏறி மழை வந்த நாளைத் திருவிழாவாட்டம் சொல்லுவாங்க. ஏறி மழை வராத நாளு? "அன்னைக்கு எறும்பு சரியா ஏறலை." எறும்பே இல்லாம வெள்ளம் வந்த வருசம்? "அது ஐப்பசி, அது வேற." நாலாவது கட்டத்தை யாரும் கட்டமாவே மதிக்கறது இல்லை. ஒண்ணும் நடக்காத நாளுதானே, அதை எதுக்கு எழுதறதுன்னு. அந்தச் சும்மா இருந்த நாளை எண்ணாம மொதக் கட்டம் பெருசா சிறுசான்னு எப்படிங்க சொல்ல முடியும்? எங்க ஊரு ஜோசியரு மொதக் கட்டத்துல மாடி வீடே கட்டிக் குடியிருக்காரு. கல்யாணம் கூடி வந்தா அவரு சொன்னது பலிச்சுது. வராட்டி நீ செஞ்ச பரிகாரத்துல குத்தம். மூணு கட்டம் காலியாவே கெடக்குது, வாடகைக்கு விடலாம்.

ஈசலு, தும்பி தாழப் பறக்கறது, மாடு வாலைத் தூக்கறது, என் முட்டி வலி, எல்லாத்துக்கும் ஆளுக்கொரு நாலு கட்டம் எடுத்துக்கங்க. உங்க போன்ல மழை இத்தனை பர்சென்ட்டுன்னு காட்டுதே, அதுக்கும் ஒண்ணு போடுங்க. என் முட்டி ஜெயிக்குதா போன் ஜெயிக்குதா பார்க்கலாம். முட்டிக்கு சார்ஜு போட வேண்டியது இல்லை.

சுவர்க்கோழி சத்தம் கேக்குதா? அது கத்தற வேகத்தை எண்ணினா எத்தனை டிகிரின்னு சொல்லிரலாம்னு 1897ல டோல்பேர்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு எழுதி வெச்சாரு. போன வருசம் ஒரு புத்திசாலிப் பொண்ணு அந்தக் கணக்கை இங்க போட்டுப் பார்த்தா, கொல்லிமலையில இல்லாத குளிரு இருக்கறதா விடை வந்துச்சு. பூச்சிக்கு ஒடம்புச் சூடு காத்தோட போகும், அதனால குளிர்ல மெதுவாக் கத்தும், அது நெசம். ஆனா அவரு எண்ணினது அவரு ஊரு மரத்துப் பூச்சியை. எங்க பூச்சிக்கு அவரு கணக்குத் தெரியாதே. ராத்திரி மணிக்கு ஒருக்கா எண்ணி, பக்கத்துல தெர்மாமீட்டரையும் எழுதி, நீங்களே புதுசா ஒரு கணக்குப் போடுங்க. உங்க பேரையே வெச்சுக்கங்க. பூச்சி ஆட்சேபிக்காது.

ஓடைத் தண்ணி கலங்கலா வந்தா தேத்தாங்கொட்டையை சட்டியோட உள்பக்கம் உரசி வெச்சாத் தெளியும். செஞ்சு பாருங்க, ஆனா ரெண்டு டம்ளர் வைங்க, ஒண்ணுல மட்டும் உரசுங்க. சும்மா வெச்சாலே மண்ணு கொஞ்சம் அடியில உட்காரும். ரெண்டுலயும் உரசிட்டு "தாத்தா, தெளிஞ்சிருச்சு"ன்னா தெளிய வெச்சது கொட்டையா பொறுமையான்னு யாருக்குத் தெரியும்? தெளிஞ்சதும் குடிச்சிராதீங்க. வெள்ளை வேட்டி கட்டினவரெல்லாம் நல்லவருன்னு நம்பற மாதிரிதான் அது. மண்ணு போகும், கிருமி போகாது. கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்.

ராத்திரி மேகம் விட்டா நட்சத்திரம் பார்க்கலாம். டார்ச்சுக்கு மேல செவப்புக் கண்ணாடித் தாளைச் சுத்துங்க, வெள்ளை வெளிச்சம் பட்டா இருட்டுக்குப் பழகின கண்ணு திரும்பப் பழக இருபது முப்பது நிமிசம் ஆகும். மேற்கே வரிசையா மூணு வெள்ளி தெரியும். பத்து மணி வாக்குல அது எறங்கற எடம் ஏறக்குறைய நேர் மேற்கு. குச்சி காட்டின மேற்கோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. அதுக்குப் பக்கத்துல செவந்த மாதிரி இருக்கறதுதான் திருவாதிரை. துருவ நட்சத்திரத்தைத் தேடி அண்ணாந்து கழுத்தை முறிச்சுக்காதீங்க. அது நீ இருக்கற அட்சரேகை எத்தனையோ அத்தனை டிகிரி ஒசரத்துலதான் நிக்கும். நாம பதினொண்ணு. கையை நீட்டி முஷ்டியை அடிவானத்துல வெச்சாப் பத்து டிகிரி, அதுக்கு ஒரு விரக்கடை மேல. எங்களுக்கு அது பக்கத்துக் காட்டுக்காரரு மொளகுக்கொடிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்குது. பார்க்கணும்னா அவருகிட்ட அனுமதி வாங்கணும், நான் அவரோட பேசறது இல்லை.

வடக்கே ஏழு வெள்ளியில வால்ல நடுவுல இருக்கறது வசிஷ்டரு. அவரை ஒட்டிச் சின்னதா அருந்ததி. கண்ணு நல்லா இருந்தாத் தெரியும். எங்க ஊரு கல்யாணத்துல காலைல பத்து மணிக்கு அய்யரு மாப்பிள்ளையை வெளியே கூட்டிட்டு வந்து வானத்தைக் காட்டி, அருந்ததி தெரியுதான்னு கேப்பாரு. சுள்ளுன்னு வெயிலு. மாப்பிள்ளை தெரியுதுங்கறான். பொண்ணும் தெரியுதுங்கறா. வீடியோக்காரரும் அதைப் படம் புடிச்சுக்கறாரு. கல்யாணத்துல அப்படித்தான் சொல்லணும், தப்பில்லை, பசி நேரம். ஆனா உங்க நோட்டுல அப்படி எழுதினா உருண்டை கெடையாது. பக்கத்துல இருக்கறவன் "ஆமா, தெரியுது"ன்னு சொன்னா நீயும் சொல்லாதே. தெரியலைன்னா "தெரியலை"ன்னு எழுது. போன வருசம் அப்படி எழுதின பையனுக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது, அவங்கம்மாவுக்கு அதுவரைக்கும் தெரியாது.

அம்மாங்கறப்ப ஞாபகம் வருது. டவரு கெடைக்கறது அந்தப் பாறை மேல மட்டும்தான். "சாப்ட்டியா, குளிருதா, பூச்சி கடிச்சுதா"ன்னு கேக்கறதுக்கு அங்க வரிசையில நிப்பீங்க. போறப்பத் தடியால தரையைத் தட்டிட்டே போங்க. பாம்புக்கு நம்ம பேச்சை விடத் தரை அதிர்றது நல்லாத் தெரியும், தானா வெலகிரும். கூடாரத்து ஜிப்பை முழுசா மூடுங்க, கட்டுவிரியன் ராத்திரி தரையில படுத்தவங்க பக்கம்தான் வரும். மேல சின்ன ஜன்னல் வலையைத் தொறந்து வைங்க, இல்லைன்னா உங்க மூச்சுல இருக்கற ஈரமே துணியில படிஞ்சு விடியக்காலையில மூஞ்சியில சொட்டும். மழை ஒழுகுச்சுன்னு கூடாரக் கம்பெனிக்காரனைத் திட்டாதீங்க. காலையில ஷூவைப் போடறதுக்கு முன்னாடி தலைகீழா உதறுங்க. தேளுக்கு உங்க ஷூ ரொம்பப் புடிக்கும், நாத்தம் அதுக்குப் பழகிருச்சு.

யாரு கூடாரம் அது, ஓடையில? மண்ணு மெத்துன்னு இருக்குதுங்களா? மெத்துன்னு இருக்கறதுக்குக் காரணம், தண்ணி கொண்டு வந்து போட்ட மணலு அது. ஓடை காய்ஞ்சு கெடக்குதுன்னு நம்பாதீங்க, மேல பெஞ்சா இங்க சொல்லாம வரும். போன் ஜீரோ பர்சென்ட்டுன்னு சொல்லுதா? பேனாவுல எழுதிக்கங்க.

அங்க பாருங்க, மின்னுச்சு. எண்ணுங்க... ஒண்ணு, ரெண்டு... பன்னெண்டா? நானும் பன்னெண்டுதான் எண்ணினேன். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூணு நொடி. அப்ப எத்தனை? நாலு கிலோமீட்டர், சரி, உனக்கு ஒரு உருண்டை, இப்ப இல்லை. முப்பது நொடிக்குள்ள இடி கேட்டாலே வெளியே நிக்கக் கூடாது. பலா மரத்தடிக்கு ஓடாதே தம்பி! ஒத்தை மரம்தான் மின்னலுக்கு வாசப்படி. கூடாரமும் வேண்டாம், அது வெறும் துணி. எல்லாரும் பஸ்ஸுக்குள்ள ஏறுங்க, தகரக் கூடு, மின்னலு விழுந்தாலும் வெளிப்பக்கமாவே ஓடித் தரைக்கு எறங்கிரும். கதவை, கம்பியைத் தொடாம உட்காருங்க. கடைசி இடிக்கு அப்பறம் அரை மணி நேரம் கழிச்சுத்தான் எறங்கறது, டீச்சரம்மா, வாட்சைப் பாருங்க, இதுக்கு உங்க வாட்ச் போதும்.

அந்த நோட்டை மட்டும் எடுத்துட்டு ஏறு பாப்பா. எறும்பு ஏறுச்சா இல்லையான்னு மழைக்கு முன்னாடியே எழுதிரணும், நனைஞ்ச பொறகு எல்லாரும் ஏறுச்சும்பாங்க.